நாலு பேரிடம் தோற்ற ஐந்து பேர்!

நாலு பேர் சேர்ந்து ஐந்து பேரை ஜெயிக்க முடியுமா?

கணக்குப் பார்த்தால் முடியாது. ஆனால் 2025-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி, அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் அது நடந்தது. கோடிக்கணக்கான ஜனங்கள் டெலிவிஷனில் அதைப் பார்த்தார்கள்.

அன்று அமெரிக்க கால்பந்தின் இறுதிப் பந்தயம். அதற்கு “சூப்பர் பவுல்” என்று பெயர். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியும், பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியும் மோதின.

சீஃப்ஸ் லேசுப்பட்ட அணி அல்ல. 2023-லும் 2024-லும் கோப்பையை வென்ற அணி. மூன்றாவது தடவையும் வென்றால், சூப்பர் பவுல் சரித்திரத்தில் யாரும் செய்யாத சாதனை ஆகி இருக்கும்.

நடந்தது என்ன? இடைவேளையின் போது ஈகிள்ஸ் 24, சீஃப்ஸ் பூஜ்யம்! பந்தயம் முடிந்த போது 40-22. சீஃப்ஸ் அணியின் பிரபல வீரர் பாட்ரிக் மகோம்ஸ் ஆறு முறை தரையில் வீழ்த்தப்பட்டார்.

அவரைக் காக்க நின்றவர்கள் ஐந்து பேர். தாக்க வந்தவர்கள் நாலு பேர்தான்.

“அந்த ஐந்து பேரால்தான் அணி தோற்றது” என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அது சரியா? அந்த ஐந்து பேரின் வேலையை எடை போடுவது எப்படி?

பெயர்தான் கால்பந்து!

அமெரிக்கர்கள் “கால்பந்து” என்று சொல்வது வேறு ஆட்டம். பந்து உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூராக, நீண்டு இருக்கும். அதைக் காலால் உதைப்பது எப்போதாவதுதான். கையில் பிடித்துக் கொண்டு ஓடுவார்கள். அல்லது எறிவார்கள்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு உண்டு. அதற்குள் 10 கெஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

ஆட்டத்தின் மூளையாக இருப்பவர் “குவார்ட்டர்பேக்”. மகோம்ஸ் அந்த இடத்தில் ஆடுகிறவர். பந்து கைக்கு வந்ததும், யாரிடம் எறியலாம் என்று அவர் கண்ணால் தேட வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைப்பது இரண்டு, மூன்று வினாடி. அதற்குள் எதிரிகள் பாய்ந்து வந்து அவரைக் கீழே தள்ளப் பார்ப்பார்கள்.

அந்த மூன்று வினாடியை அவருக்குச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள்தான் முன் வரிசையில் நிற்கும் ஐந்து பேர். “அபென்சிவ் லைன்” என்று இந்த வரிசைக்குப் பெயர்.

புகழ் இல்லாத வேலை

நடுவில் நிற்பவர் “சென்டர்”. பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் அவர். அவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் “கார்டு”. இரண்டு கோடியிலும் நிற்பவர்கள் “டேக்கிள்”. ஒவ்வொருவரும் ஆஜானுபாகு. எடை பெரும்பாலும் 136 கிலோவுக்கு மேல்!

வழக்கமான ஆட்டத்தில், எறிந்த பந்தைப் பிடிக்க இவர்களுக்கு விதி இடம் கொடுப்பது இல்லை. ஆகவே இவர்கள் பெயருக்கு நேராகப் புள்ளிக் கணக்கு எதுவும் ஏறாது. வேலை சரியாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு தடவை தவறினால் ஊரே கவனிக்கும்.

இடது கோடிக்கு எப்போதும் கிராக்கி அதிகம். காரணம் உண்டு. வலது கைக்காரர் பந்தை எறியத் திரும்பும்போது அவர் முதுகு இடது பக்கமாக இருக்கும். அந்தப் பக்கம் வரும் ஆள் அவர் கண்ணுக்குத் தெரியாது.

1985-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி, வாஷிங்டன் அணியின் ஜோ தைஸ்மனை நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து வீழ்த்தினார். தைஸ்மனின் கால் முறிந்தது. அதன் பிறகு அவர் பந்தயத்தில் ஆடவே இல்லை.

காவல் வரிசையின் வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

டம்பாவில் கிடைத்த அடி

சீஃப்ஸ் அணியின் கதைக்கு வருவோம். அந்த அணியின் காவல் வரிசையை எடை போட, மூன்று சூப்பர் பவுல் பந்தயங்களைப் பார்த்தால் போதும். மூன்றிலும் குவார்ட்டர்பேக் அதே மகோம்ஸ். பயிற்சியாளர் அதே ஆண்டி ரீட். மாறியது காவல் வரிசை மட்டும் அல்ல என்றாலும், அதிகமாக மாறியது அதுதான்.

முதலாவது, 2021-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந் தேதி டம்பா நகரில் நடந்தது. எதிரி டம்பா பே பக்கனீர்ஸ் அணி.

அதற்கு முந்திய ஆண்டு கோப்பை வென்ற காவல் வரிசையில் மூன்று பேர் அன்று இல்லை. இடது டேக்கிள் எரிக் பிஷருக்கு இரண்டு வாரத்துக்கு முன்புதான் குதிகால் நரம்பு அறுந்து இருந்தது. வலது டேக்கிள் மிட்சல் சுவார்ட்சுக்கு முதுகு வலி. கார்டு லாரன்ட் டுவெர்னே தார்டிப் ஒரு டாக்டர். கொரோனா காலத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டு, கனடாவில் முதியோரைப் பராமரிக்கும் விடுதிக்கு ஊழியம் செய்யப் போய்விட்டார்.

எஞ்சியவர்களை வைத்து வரிசையை மாற்றி அமைத்தார்கள். வலது கோடியில் ஆடி வந்த மைக் ரெம்மர்ஸ் இடது கோடிக்குப் போனார். கார்டாக ஆடி வந்த ஆண்ட்ரூ வைலி வலது கோடிக்குப் போனார்.

முடிவு? 31-9 என்ற கணக்கில் படுதோல்வி.

மூன்றா? இருபத்தொன்பதா?

அன்று மகோம்ஸ் எத்தனை முறை வீழ்த்தப்பட்டார்? மூன்றே முறை!

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால், “காவல் வரிசை பரவாயில்லையே” என்று தோன்றும். ஆனால் ஈ.எஸ்.பி.என். விளையாட்டு நிறுவனம் வேறு ஒரு கணக்கு எடுத்தது. மகோம்ஸ் பந்தை எறியப் பின்வாங்கியது 56 முறை. அதில் 29 முறை எதிரிகள் அவரை நெருங்கி, நிம்மதியாக எறிய விடாமல் செய்துவிட்டார்கள். சூப்பர் பவுல் பந்தயங்களில் அதுவரை யாருக்கும் இவ்வளவு நெருக்கடி வந்தது இல்லை.

பந்தை எறிவதற்கு முன்பும், வீழ்வதற்கு முன்பும் மகோம்ஸ் அங்கும் இங்குமாகத் தப்பி ஓடிய தூரம் மட்டும் 497 கெஜம். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர்! காலில் காயத்தோடு ஓடினார்.

அவர் ஓடித் தப்பியதால்தான் மூன்று, மூன்றாகவே நின்றது. இன்னொருவராக இருந்திருந்தால் அது எட்டோ பத்தோ ஆகி இருக்கும்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. குவார்ட்டர்பேக் எத்தனை முறை விழுந்தார் என்பதை வைத்து மட்டும் காவல் வரிசையை எடை போடக் கூடாது. எத்தனை முறை நெருக்கப்பட்டார் என்பதைப் பார்க்க வேண்டும்.

புதுச் சுவர் எழுந்தது

ஆண்டி ரீட், கல்லூரி நாளில் இதே காவல் வரிசையில் ஆடியவர். அடி எங்கே விழுந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

தோல்வி அடைந்த அடுத்த மாதமே பிஷரையும் சுவார்ட்சையும் நிர்வாகம் விடுவித்துவிட்டது. ஜோ தூனி என்ற கார்டை, ஐந்து ஆண்டுக்கு 8 கோடி டாலர் பேசிக் கொண்டு வந்தது. பால்டிமோர் அணியில் இருந்து ஆர்லாண்டோ பிரவுனை இடது டேக்கிளாக வாங்கியது. கல்லூரி வீரர்களைத் தேர்ந்து எடுக்கும் ஏலம் போன்ற நிகழ்ச்சியில் கிரீட் ஹம்ப்ரியை 63-வது ஆளாக எடுத்தது. டிரே ஸ்மித்தை 226-வது ஆளாக எடுத்தது.

ஸ்மித்துக்குக் கல்லூரி நாளில் நுரையீரலில் ரத்தக் கட்டி வந்து இருந்தது. அதற்குப் பயந்துதான் மற்ற அணிகள் அவரை விட்டுவிட்டன.

இந்தப் புதுச் சுவருக்குப் பெரிய சோதனை 2023-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி வந்தது. அரிசோனா மாநிலத்தில் சூப்பர் பவுல். எதிரி ஈகிள்ஸ். அந்தப் பருவத்தில் எதிர் அணி குவார்ட்டர்பேக்குகளை 70 முறை வீழ்த்திய அணி அது. ஒரே பருவத்தில் அதைவிட அதிகம் வீழ்த்தியவை, அமெரிக்கக் கால்பந்தில் அதுவரை இரண்டே அணிகள்.

அன்று மகோம்ஸ் எத்தனை முறை விழுந்தார்? ஒரு முறைகூட இல்லை! கணுக்காலில் சுளுக்கோடு ஆடிய மகோம்ஸை ஈகிள்ஸ் ஒரு தடவைகூட கீழே தள்ள முடியவில்லை. பந்தைக் கையில் வைத்துக் கொண்டு ஓடியே சீஃப்ஸ் 158 கெஜம் முன்னேறியது. அதுவும் காவல் வரிசை திறந்து கொடுத்த வழிதான். 38-35 என்ற கணக்கில் சீஃப்ஸ் ஜெயித்தது.

அன்று மைதானத்தில் புல் வழுக்கியது. பாய்ந்து வருகிறவர்களுக்கு அது இடைஞ்சல்தான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் புல் மட்டும் பூஜ்யத்தைக் கொடுத்து விடாது.

இன்னொரு விஷயம். அன்று வலது கோடியில் நின்றவர் யார் தெரியுமா? டம்பாவில் தோற்ற அதே ஆண்ட்ரூ வைலி! ஆள் மாறவில்லை. பக்கத்தில் நின்ற ஆள் மாறினார். அவருக்கு அந்த இடமும் இப்போது பழகி இருந்தது.

ஒரு ஓட்டையை அடைத்து, இன்னொரு ஓட்டை!

பிறகு ஏன் 2025-ல் அதே ஈகிள்ஸ் அணியிடம் சுவர் இடிந்தது?

சுவர் ஒரே நாளில் இடியவில்லை. 2023 மார்ச் மாதத்தில் ஆர்லாண்டோ பிரவுனும் வைலியும் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். இடது கோடி ஓட்டையாகவே இருந்து வந்தது. 2024-ல் முதலில் கிங்ஸ்லி சுவாமாடயா என்ற புதியவரை நிறுத்தினார்கள். சரிப்படவில்லை. அடுத்து வான்யா மோரிஸ். அதுவும் சரிப்படவில்லை. பிறகு டி.ஜே. ஹம்ப்ரிஸ் வந்தார். வந்த வேகத்தில் தொடைத் தசை பிடித்துக் கொண்டது.

கடைசியில், டிசம்பர் மாதத்தில், கார்டு ஜோ தூனியையே இடது கோடிக்குத் தள்ளினார்கள். தூனி அந்த ஆண்டு நாட்டிலேயே சிறந்த கார்டுகளில் ஒருவராகத் தேர்ந்து எடுக்கப்பட்டவர். அவர் விட்டுப் போன இடத்தில் மைக் காலியெண்டோ நின்றார். கல்லூரி வீரர்களை எடுக்கும்போது எந்த அணியும் எடுக்காமல் விட்ட ஆள் அவர்.

இந்த ஏற்பாட்டில் சில வாரங்கள் வண்டி ஓடியது. அணி பந்தயங்களை ஜெயித்துக் கொண்டும் வந்தது. அந்தப் பருவத்தில் 15 வெற்றி, இரண்டே தோல்வி! ஆனால் அதே பருவத்தில் மகோம்ஸ் 36 முறை வீழ்த்தப்பட்டார். அவர் ஆட வந்ததில் இருந்து அதுவரை அவ்வளவு தடவை விழுந்தது இல்லை. வெற்றியின் சத்தத்தில் இந்த எண் யார் காதிலும் விழவில்லை.

ஈகிள்ஸ் அணியின் தற்காப்புப் பயிற்சியாளர் விக் பான்ஜியோ இதை எல்லாம் பார்த்துக் கொண்டு இருந்தார். வழக்கமாக, குவார்ட்டர்பேக்கை நெருக்க விரும்பும் அணி கூடுதலாக ஓர் ஆளையோ இரண்டு ஆளையோ ஏவும். “பிளிட்ஸ்” என்று அதற்குப் பெயர். பான்ஜியோ ஒரு முறைகூட அப்படிச் செய்யவில்லை. மகோம்ஸ் 42 முறை எறியப் பின்வாங்கினார். 42 முறையும் கூடுதல் ஆள் வரவில்லை. மீதி ஏழு பேரும் பின்னால் நின்று, பந்தைப் பிடிக்க ஓடியவர்களை மறித்தார்கள்.

முன்னால் வந்த நாலு பேர் போதுமானதாக இருந்தது. ஜாஷ் ஸ்வெட் இரண்டரை, மில்டன் வில்லியம்ஸ் இரண்டு என்று வீழ்த்திய கணக்கு ஏறியது. (இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை.) முதல் பாதியில் சீஃப்ஸ் அணி முன்னேறிய தூரம் மொத்தமே 23 கெஜம்!

தூனியை நகர்த்தியதால் இரண்டு இடம் பலவீனம் ஆனது. டேக்கிள் இடத்தில் கார்டு. கார்டு இடத்தில் புதியவர். நல்ல கல்லை உருவி ஓட்டையை அடைத்தார்கள். கல் இருந்த இடம் ஓட்டை ஆகிவிட்டது.

எடை போடும் தராசு

அமெரிக்காவில் இந்த ஐந்து பேரை எடை போடுவதற்கு என்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். வீரர்களின் தோள் கவசத்தில் சிறு மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டு இருக்கிறது. யார் எங்கே, எந்த வேகத்தில் போனார் என்பதை அது சொல்லிவிடும். எதிரியை இரண்டரை வினாடி தடுத்து நிறுத்தினால் காவல்காரருக்கு வெற்றி என்று ஈ.எஸ்.பி.என். கணக்கு வைக்கிறது. வேறொரு நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்தையும் படத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கழித்தல் 2 முதல் கூட்டல் 2 வரை மார்க் போடுகிறது.

இந்தத் தராசுகளிலும் குறை உண்டு. பயிற்சியாளர் சொன்ன யுக்தி என்ன, இந்த எதிரியைத் தடுப்பது யாருடைய பொறுப்பு என்பது படம் பார்ப்பவருக்கு எப்போதும் தெரியாது. வலது கார்டு செய்த தவறுக்கு வலது டேக்கிள் பழி சுமக்கலாம்.

ஆகவே ரசிகர்கள் தங்களுக்குள் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொண்டால் போதும்.

ஒன்று: தாக்க வந்தவர்கள் எத்தனை பேர்? ஆறு, ஏழு பேர் வந்து நெருக்கினால் ஐவரைக் குறை சொல்ல முடியாது. நாலு பேர் வந்து நெருக்கினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இரண்டு: எவ்வளவு நேரம் தாங்கினார்கள்? ஒரு வினாடியில் சுவர் உடைந்தால் அது காவல்காரர் தவறு. நாலு வினாடி தாங்கிய பிறகும் பந்து எறியப்படவில்லை என்றால், அது குவார்ட்டர்பேக் தவறு.

மூன்று: ஐந்து பேரில் பலவீனமானவர் யார்? அவர் பக்கத்தில் நிற்பவர் யார்? எதிரி பலசாலியைத் தேடி வர மாட்டான். பலவீனமானவனைத்தான் தேடி வருவான்.

மகோம்சுக்குப் பங்கு இல்லையா?

உண்டு. 2025 இறுதிப் பந்தயத்தில் அவர் எறிந்த இரண்டு பந்துகளை எதிரிகள் பிடித்துக் கொண்டார்கள். அவற்றில் ஒன்று நேராக ஈகிள்ஸ் அணிக்குப் புள்ளியாகவே முடிந்தது. காவல்காரர்கள் எதிரியை மறித்து நிற்கும்போதே, அவராகப் பின்னால் ஓடி ஆபத்தைத் தேடிக் கொள்வதும் உண்டு என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள்.

பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. அன்று சீஃப்ஸ் பந்தோடு ஓடி முன்னேறியது சுமார் 50 கெஜம்தான். எறிவதைத் தவிர வேறு வழி இல்லை என்று தெரிந்த பிறகு, எதிரிக்குப் பாய்வதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஆனாலும், கூடுதல் ஆள் ஒருவர்கூட வராத நிலையில் ஆறு முறை விழுந்தார் என்பது மறைக்க முடியாத உண்மை. தோல்வியில் பெரும் பங்கு அந்த வரிசைக்கு உண்டு. அந்த வரிசையை அப்படி அமைத்த நிர்வாகத்துக்கு அதைவிட அதிகப் பங்கு உண்டு.

பணம் எங்கே போக வேண்டும்?

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி வீரர்களுக்குச் சம்பளமாக எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. 2025-ல் அது 27 கோடியே 92 லட்சம் டாலர். இஷ்டத்துக்கு வாரி இறைக்க முடியாது. ஓர் இடத்துக்குக் கொடுத்தால் இன்னோர் இடத்தில் குறைக்க வேண்டும்.

தோல்விக்குப் பிறகு சீஃப்ஸ் நிர்வாகம் தூனியைச் சிக்காகோ பேர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. டிரே ஸ்மித்துக்கு நாலு ஆண்டுக்கு 9 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. 226-வது ஆளாக வந்தவருக்கு, அதுவரை எந்தக் கார்டும் வாங்காத சம்பளம்! இடது கோடிக்கு ஜாஷ் சிம்மன்ஸ் என்ற இளைஞரைக் கொண்டு வந்தது.

சிக்காகோவில் என்ன நடந்தது? 2024-ல் அந்த அணியின் இளம் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் 68 முறை வீழ்த்தப்பட்டு இருந்தார். நிர்வாகம் வரிசையின் நடு மூவரையும் மாற்றியது. அந்த மூவரில் ஒருவர் தூனி. புதுப் பயிற்சியாளரும் வந்தார். 2025-ல் வில்லியம்ஸ் விழுவது வெகுவாகக் குறைந்தது. அணி தன் பிரிவில் முதல் இடத்தைப் பிடித்தது.

கான்சாஸ் சிட்டியில் நடந்தது வேறு. சிம்மன்ஸ் மணிக்கட்டில் அடிபட்டு வெளியே போனார். 2025-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி, சொந்த ஊர் மைதானத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் சார்ஜர்ஸ் அணியோடு பந்தயம். மகோம்ஸ் பந்தை எறியும்போது எதிரி ஒருவர் மோதினார். மகோம்சின் இடது முழங்காலில் மூட்டு நாண் கிழிந்தது. 16-13 என்று பந்தயமும் போயிற்று. 2014-க்குப் பிறகு முதல் தடவையாக, கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளில் நுழையக்கூட சீஃப்ஸ் அணிக்கு வழி இல்லாமல் போயிற்று.

அந்த ஒரு மோதலுக்குக் காவல் வரிசையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. மோதல் நிறைந்த ஆட்டம் அது. ஆனால் ஒரு மனிதர் ஆண்டுக்கு ஆண்டு அதிகமாக அடி வாங்கினால், ஏதோ ஒரு அடி முழங்காலில் விழத்தான் செய்யும்.

2025-ல்தான் அமெரிக்கக் கால்பந்து லீக், காவல் வரிசையில் சிறந்த வீரருக்கு என்று தனியாக ஒரு விருதை அறிவித்தது. லீக் தொடங்கி நூறு ஆண்டுக்கு மேல் ஆன பிறகு இந்த ஞானம் வந்து இருக்கிறது!

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. மகோம்ஸ் நல்ல சித்திரக்காரர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் மீண்டும் மைதானத்தில் நிற்கும்போது, அவருக்கு முன்னால் எந்த ஐந்து பேர் நிற்பார்கள் என்பதுதான் சீஃப்ஸ் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.